பையில் மிச்சம் எட்டு பென்ஸ்

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'அராபி' சிறுகதையைக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். டப்ளின் சிறுவன் ஒருவன், தான் காதலிக்கும் பெண்ணுக்குப் பரிசு வாங்க அராபி என்ற சந்தைக்குப் போகிற கதை அது. மாமா பையன் கையில் கொடுப்பது ஒரு ஃப்ளோரின். அன்றைய பிரிட்டிஷ் நாணயக் கணக்கில் இரண்டு ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு பென்ஸ் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூடிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் ஒரு முழு ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைகிறான். கதை முடியும்போது அவன் பையில் இருப்பது ஓர் ஆறு பென்ஸ் காசும் இரண்டு பென்னியும். 24-இல் 12 போய், மிச்சம் எட்டு என்றால் ரயிலுக்கு நான்கு ஆகியிருக்கிறது. ரயில் கட்டணத்தை ஜாய்ஸ் எங்கும் எழுதவில்லை. கழித்துப் பார்த்தால்தான் கிடைக்கும். அது ஒருவழிக் கட்டணம் என்றால், வீடு திரும்ப இன்னொரு நான்கு வேண்டும். அவளுக்குப் பரிசு வாங்க மிஞ்சுவது நான்கே பென்ஸ். எதிரே கடையில் அடுக்கியிருப்பதோ பீங்கான் ஜாடிகளும் பூப்போட்ட தேநீர்க் கோப்பைகளும்.

கடைசி வாக்கியத்தில் அந்தப் பையன், வீண்பெருமை விரட்டிக் கேலி செய்த ஒரு பிராணியாகத் தன்னைப் பார்க்கிறான். கண்களில் வேதனையும் கோபமும் எரிகின்றன. அந்த வாக்கியத்தைத் தனியாகப் பிய்த்தெடுத்து வைத்தால் கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் கதைக்குள் அது நிற்கிறது, ஏனென்றால் சில்லறை அதற்கு முன்பே பேசிவிட்டது.

வளர்பருவக் கதைகள் எழுதுகிறவர்கள், குழந்தையின் அறியாமை கலைகிற இடத்தைப் பெரும்பாலும் உணர்ச்சியில் தேடுகிறார்கள். அதை எண்ணக்கூடிய பொருள்களில் தேட வேண்டும் என்பது என் கட்சி. காசு, மணி, தூரம், அந்த நேரத்தில் யார் எந்த அறையில் இருந்தார்கள் என்பது. குழந்தைக்கு உலகம் புரியாமல் இருக்கலாம், எண்ணத் தெரியும். அப்படி எண்ணியதெல்லாம் சேர்ந்து, பிறர் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்பதை ஒரு கணம் அதற்குக் காட்டிவிட வேண்டும். உலகத்தைப் பற்றி ஒரு செய்தி புதிதாகத் தெரிந்துவிட்டதால் மட்டும் எந்தக் குழந்தையும் வளர்ந்துவிடுவதில்லை.

கதையில் வரும் சந்தை உண்மையில் நடந்தது. 1894 மே 14 முதல் 19 வரை, டப்ளின் ஜெர்விஸ் தெரு மருத்துவமனைக்கு நிதி திரட்ட நடத்தினார்கள். ஜாய்ஸுக்கு அப்போது வயது 12. கதையை எழுதியது 1905-இல், 'டப்ளினர்ஸ்' தொகுதி வெளிவந்தது 1914-இல். அதிலுள்ள 15 கதைகளைப் பிள்ளைப் பருவம், இளமை, முதிர்ச்சி, பொதுவாழ்வு என்று நாலாகப் பிரித்து அடுக்கியிருந்தார். முதல் மூன்று கதைகளில் மட்டும் ஒரு சிறுவன் 'நான்' என்று பேசுகிறான். நான்காவது கதை தொடங்கும்போது அந்த 'நான்' காணாமல் போகிறது, பிறகு திரும்பி வருவதே இல்லை. இதைத் தொகுதியைப் பற்றிய வெறும் தகவலாகக் கடந்துவிடக் கூடாது. நூலின் அடுக்கே பிள்ளைப் பருவம் முடிவதை நடத்திக் காட்டுகிறது.

காசைப் போலவே நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. சனிக்கிழமை காலையே மாமாவுக்கு நினைவூட்டியாகிவிட்டது. தெரியும், தெரியும் என்கிறார். சாப்பாட்டு நேரம் வந்தும் மாமா வரவில்லை. அடகுக்கடைக்காரரின் விதவை மெர்சர் அம்மாள் அரட்டையடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எட்டு மணி தாண்டியதும் எழுந்து போகிறாள். ஒன்பது மணிக்கு வாசற்கதவில் சாவி திரும்புகிறது. மாமா தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்கிறது. மேல்கோட்டின் பாரத்தில் கோட்டு மாட்டும் ஸ்டாண்டு ஆடுவதும் கேட்கிறது. இந்த அறிகுறிகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்பதோடு பையன் நிறுத்திக்கொள்கிறான். குடி என்ற சொல் கதையில் அந்த இடத்தில் வரவே வராது. அதற்கப்புறம் ஆளில்லாத ரயில், புறப்படுவதற்குள் உயிர் போகிற தாமதம். வெளியே வந்து விளக்குப் போட்ட கடிகாரத்தைப் பார்த்தால் பத்து மணிக்குப் பத்து நிமிடம்.

இதில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அந்தப் பையனுக்கு மாமாவின் குடி தெரியும், வீட்டின் வறுமை தெரியும், அத்தையின் சமாளிப்பும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: தன் காதல் மற்றவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது. பத்திரிகைக்கு வரும் கதைகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். குழந்தைக்கு எதுவுமே தெரியாது. அப்பா குடிப்பது தெரியாது, அம்மா அழுவது தெரியாது, வட்டிக்காரர் எதற்கு வருகிறார் என்பது தெரியாது. பிறகு கடைசிப் பக்கத்தில் எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். வறுமையில் வளரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு வட்டிக்காரரின் செருப்புச் சத்தமே தெரியும். மூவாயிரம் சொல்லுக்குள் முடிகிற கதை ஒரே ஓர் அறியாமையைத்தான் தாங்கும். அது எது என்று எழுதத் தொடங்கும் முன் முடிவு செய்துகொண்டு, மற்ற எல்லாவற்றிலும் குழந்தையை விவரமாக விட்டுவிடுங்கள். எழுதி முடித்தபின் இதைச் சரி செய்வது கடினம். ஒரு தெரியாமையை நீக்கினால் அதை நம்பி எழுதிய நாலு காட்சிகள் சரிந்துவிடும்.

சந்தைக்குள் நடப்பது மிகச் சிறியது. ஒரு கடையில் இளம்பெண் ஒருத்தி இரண்டு இளைஞர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை, சொன்னாய், இல்லை, பொய் என்கிற மாதிரி ஒன்றுக்கும் உதவாத பேச்சு. ஏதாவது வேண்டுமா என்று அவனிடம் கடமைக்குக் கேட்கிறாள். வேண்டாம் என்கிறான். போகும்போது தோளுக்கு மேலாக ஒன்றிரண்டு முறை திரும்பிப் பார்க்கிறாள். யாரும் அவனை அவமானப்படுத்தவில்லை, அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. ஆனால் அந்தப் பார்வையில் அவன் யார்? கடை மூடும் நேரத்தில் எட்டு பென்ஸோடு வந்து நிற்கிற ஒரு பொடியன். தான் காதலிக்கும் பெண்ணான, தோழன் மங்கனின் அக்காவோடு பேசிய பேச்சும் வெளியே நின்று கேட்டவருக்கு இதே போலத்தான் இருந்திருக்கும் என்று நமக்கு உறைக்கிறது. அவளும் வெள்ளி வளையலைத் திருகிக்கொண்டே, சந்தைக்குப் போகிறாயா என்று சும்மா கேட்டாள், அவ்வளவுதான். வில்லனை வைக்காததுதான் இந்தக் கதையின் பலம். வில்லன் வந்துவிட்டால் பழி அவன்மேல் போய்விடும், குழந்தைக்குத் தன்னைப் பார்க்க நேரமிருக்காது.

இனி, சொல்பவர் யார் என்கிற சிக்கல். பெரும்பாலான கதைகள் கெட்டுப்போவது இங்கேதான். வில்லியம் பிளேக் தன் கள்ளமின்மைப் பாடல்களை 1789-இலும், அனுபவப் பாடல்களைச் சேர்த்த தொகுப்பை 1794-இலும் வெளியிட்டபோது, இரண்டையும் மனித ஆன்மாவின் எதிரெதிர் நிலைகள் என்றார். முதலில் இது, பிறகு அது என்கிற வரிசையாக அவர் வைக்கவில்லை. கதை எழுதுகிறவருக்கு இது தத்துவ விஷயம் இல்லை, நடைமுறை. இறந்தகாலத்தில் 'நான்' என்று சொல்லும் எந்த வளர்பருவக் கதையிலும் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பார்க்கிற குழந்தையும் சொல்கிற பெரியவரும். இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை எழுதுபவர் ஒவ்வொரு பத்தியிலும் கூட்டிக் குறைக்க வேண்டும்.

ஜாய்ஸ் சொல்லை முழுக்கப் பெரியவருக்கே கொடுத்துவிடுகிறார். 'அராபி'யின் மொழி எந்தச் சிறுவனின் மொழியும் அல்ல. தன் அன்றைய மயக்கத்தை முட்டாள்தனம் என்றே அந்தக் குரல் ஓரிரு இடங்களில் சொல்லிவிடுகிறது. ஆனால் பார்வை பையனைவிட்டு நகராது. அவனுக்குத் தெரியாத எதையும் அந்தப் பெரியவர் கூடுதலாகச் சொல்வதில்லை. ஹென்றி ஜேம்ஸ் 1897-இல் வந்த 'வாட் மெய்ஸி நியூ' நாவலில் படர்க்கையில் இதையே செய்தார். பிரிந்துபோன பெற்றோருக்கு நடுவே பந்தாடப்படும் ஒரு சிறுமி. பின்னாளில் எழுதிய முன்னுரையில் அவர் காரணமும் சொல்கிறார்: குழந்தைகள் உணர்வது அதிகம், அதைச் சொல்ல அவர்களிடம் இருக்கும் சொற்கள் குறைவு. ஆகவே உணர்வு குழந்தையுடையதாக இருக்கட்டும், சொல்லை எழுத்தாளர் கொடுக்கட்டும்.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். மொழி மழலையாக இருக்கும், அறிவு மட்டும் நாற்பது வயதுடையது. பத்து வயதுப் பெண் கொச்சையாகப் பேசிக்கொண்டே தாத்தாவின் ஆணாதிக்கத்தை அலசுவாள். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பிரதியை அச்செடுத்து மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். குழந்தை கண்டது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் நீலம். அதிலிருந்து குழந்தை எடுத்த முடிவு பச்சை. பெரியவரின் தீர்ப்பு சிவப்பு. சிவப்பு எங்கேயாவது பத்தியின் முதல் வாக்கியமாக இருந்தால் அங்கே கதை படுத்துவிட்டது என்று அர்த்தம். தீர்ப்பை முதலில் கேட்டவருக்குச் சாட்சி எதற்கு? பச்சையே இல்லாத பிரதியும் அதே அளவுக்கு மோசம். அந்தக் குழந்தை வெறும் கேமராவாகிவிடும்.

அந்தப் பச்சையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். குழந்தையின் தவறான முடிவுக்குத் தர்க்கம் இருந்தாக வேண்டும். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முதல் பக்கத்தில், பெற்றோரைப் பார்த்தே இராத பிப் அவர்களின் கல்லறைக் கல்லை வைத்து முகத்தைக் கற்பனை செய்கிறான். எழுத்து இருக்கும் தினுசைப் பார்த்து, அப்பா கட்டையான, கறுத்த, சுருட்டை முடிக்காரர் என்று முடிவு கட்டுகிறான். இது முழுத்தவறு. ஆனால் பைத்தியக்காரத்தனம் இல்லை. கையில் இருக்கும் ஒரே சான்றை வைத்துச் செய்த அனுமானம். பெரியவர்களைச் சிரிக்க வைக்க எழுதப்படும் மழலைப் பேச்சில் இந்த உழைப்பு இருக்காது. நிலா ஏன் கூடவே வருகிறது என்கிற ரகக் கேள்விகளை நான் பார்த்த இடத்தில் வெட்டிவிடுவேன்.

அந்தக் கல்லறை அனுமானம் நாவல் முழுவதற்கும் ஒத்திகை. நாவல் 59 அத்தியாயம், மூன்று பாகம். முதல் பாகம் 19-இல் முடிகிறது, இரண்டாவது 39-இல். தன்னைக் கனவானாக்கப் பணம் தருவது ஊர்ப் பணக்காரி மிஸ் ஹாவிஷாம்தான் என்று பிப் நம்புவதற்கு டிக்கன்ஸ் எவ்வளவு ஆதாரம் கொடுக்கிறார் பாருங்கள். செய்தியைக் கொண்டுவரும் வக்கீல் ஜாகர்ஸ் அவளுடைய வக்கீலும்கூட. அவள் வீட்டு மாடிப்படியில் பிப் அவரை ஏற்கனவே பார்த்திருக்கிறான். லண்டனில் பாடம் சொல்லித்தர அமர்த்தப்படுபவர் அவளுடைய உறவினர். இவ்வளவுக்கும் எதிராக உண்மைக்கான தடயம் பத்தாவது அத்தியாயத்தில் ஒரு சாராயக்கடையில் கிடக்கிறது. முகம் தெரியாத ஒருவன் ரம்மை ஓர் அரத்தால் கலக்குகிறான். பிப் சிறுவயதில் கைதிக்குத் திருடிக்கொடுத்த அதே அரம். போகும்போது ஒரு ஷில்லிங்கை இரண்டு ஒரு பவுண்டு நோட்டுகளில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறான். 39-ஆம் அத்தியாயத்தில், 23 வயது பிப்பின் அறைக்கு மழையிரவில், உண்மையில் பணம் தந்தவனான அந்தக் கைதி மாக்விட்ச் ஏறி வரும்போது நமக்கு அதிர்ச்சி இருக்கும், மோசம் போன எரிச்சல் இருக்காது. பொய்யான முடிவுக்குக் குறைந்தது மூன்று சான்றும், உண்மைக்கு ஒன்றும். இந்த விகிதம் தலைகீழானால் வாசகர் பிள்ளையைவிட முன்னால் ஓடிப்போய்க் காத்துக்கொண்டிருப்பார். நாவலின் அனுபவம் அந்த அறையில் முடிந்துவிடுவதுமில்லை. தன்னை இவ்வளவு காலம் பிறர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதைக் தன்னை வளர்த்த கொல்லன் ஜோவின் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்க்க மீதி இருபது அத்தியாயங்கள் ஆகின்றன.

எல். பி. ஹார்ட்லியின் 'தி கோ-பிட்வீன்' (1953) எண்ணுவதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. 1900-ஆம் ஆண்டுக் கோடை, நார்ஃபோக் மாளிகை ஒன்றில் விருந்தாளியாக வந்த லியோவுக்கு 13 வயது நிறையப் போகிறது. தினமும் வெப்பமானியில் சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது அவன் வேலை. இன்னொரு வேலை, வீட்டுப் பெண் மரியனுக்கும் குத்தகை விவசாயி டெட்டுக்கும் நடுவே கடிதம் சுமப்பது. ஏதோ தொழில் விவகாரம் என்று நம்புகிறான். ஒருநாள் ஒட்டாமல் வந்த கடிதத்தில், மடிப்பைப் பிரிக்காமலே கண்ணில் பட்ட சொற்கள் அன்பே, அன்பே, அன்பே என்றிருக்கின்றன. உறையைப் பிரிக்கக் கூடாது என்ற பள்ளிக்கூட நேர்மையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் ஒரே விரலில் இருக்கிற இடம் அது. அங்கே அவனுக்கு வலிப்பது அவர்கள் காதல் அல்ல. மரியனின் பிரியத்துக்கு ஆளானவன் என்று நினைத்திருந்தவன், தான் வெறும் தபால்காரன் என்று காண்கிறான்.

தமிழில் இதைக் கறாராகச் செய்த கதை என்றால் அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. 1971-இல் 'கசடதபற' சிற்றிதழில் வந்தது. பெண் பெரியவளாகிறாள். அம்மா ஊரில் இல்லை; உறவுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காரியமாகப் போயிருக்கிறாள். சுற்றியிருக்கும் மற்றவர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெண் காத்திருக்கிறாள். விளக்க வேண்டிய ஒரே ஆளை அப்புறப்படுத்தி வைப்பது எவ்வளவு எளிமையான ஏற்பாடு, ஆனால் எழுதும்போது எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? அம்மா திரும்பி வருகிறாள், அந்த உறவுப் பெண்ணைக் கறுப்பு என்று வேண்டாமென்றுவிட்ட எரிச்சலோடு. மகளைப் பார்த்து அவள் சொல்வதில் ஆறுதல் இல்லை, சுமை ஒன்று சேர்ந்துவிட்ட அலுப்பு இருக்கிறது. அதுவரை அம்மாவின் கண்ணில் தான் யார் என்று அந்தப் பெண் நினைத்திருந்தாளோ அது போய்விடுகிறது. உடம்பு மாறியது முன்பே. பிள்ளைப் பருவம் முடிவது அந்தப் பேச்சில்தான். இரண்டையும் ஒரே காட்சியில் போட்டிருந்தால் கதை சடங்கு விவரணையாகியிருக்கும்.

பெரிய சம்பவத்தை வைத்து எழுத ஆசைப்படுகிறவர்கள் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) நாவலைப் பாருங்கள். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்க்கப்பட்ட 1948-க்கு முன்னும் பின்னும் செகந்திராபாதில் நடக்கிறது. மன்னர் நிஜாமும், அவரை ஆதரித்த ஆயுதப்படையான ரஜாக்கர்களும், இந்திய ராணுவத்தின் காவல் நடவடிக்கையும் சுற்றிலும் இருக்க, சந்திரசேகரனின் கவலை கிரிக்கெட்டும் கல்லூரியும். வரலாறு அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கடைசியில் கலவரத்துக்கு நடுவே ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் அவன் நிற்கும்போது, குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பெண் தன் உடையைக் களைந்து முன்னால் வருகிறாள். அவன் ஓடுகிறான். அவள் கண்ணுக்கு அவன் யார் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை கிரிக்கெட் அத்தனை பக்கம் வந்திராவிட்டால் இந்த ஒரு காட்சிக்கு இவ்வளவு எடை கிடைத்திருக்காது.

தமிழில் எழுதும்போது இதற்கென்றே ஒரு கருவி கிடைக்கிறது, வினைமுற்று. கதை சொல்லும் சிறுமி 'வாத்தியார் வந்தார்' என்று ஆறு பக்கம் சொல்லிவிட்டு ஏழாவதில் 'வந்தான்' என்றால் நடந்தது என்ன என்று நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை. அதைவிட நுட்பமானது நம் வீடுகளில் தினமும் புழங்குவது. மரியாதை கொடுக்க மனமில்லாமல், எடுக்கத் துணிவும் இல்லாமல், 'வந்தாச்சு', 'சாப்பிட்டாச்சு' என்று ஆளையே விட்டுவிட்டுப் பேசுவது. 'ஆர்' விகுதியிலிருந்து 'ஆச்சு'வுக்கு ஒரு பாத்திரம் இறங்குகிற இடத்தைச் சரியாக வைத்தால் அரைப் பக்க மனவோட்டம் மிச்சம். ஒருமுறைதான் செய்யலாம். இரண்டாம் முறை உத்தி தெரிந்துவிடும்.

முடிவைப் பற்றி டிக்கன்ஸுக்கே நிச்சயமில்லை. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு முதலில் எழுதிய முடிவில் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் லண்டன் பிக்காடிலித் தெருவில் சந்தித்து, நாலு வார்த்தை பேசிப் பிரிகிறார்கள். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு அதை மாற்றி, இடிந்த வீட்டுத் தோட்டத்தில் கைகோக்க வைத்தார். எனக்குப் பழைய முடிவுதான் பிடிக்கும். தெருவில் நின்று பேசும் இரண்டு நிமிடத்தில் இருவருக்கும் வயதாகிவிட்டது தெரிகிறது. உங்கள் கதைக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு, கதையை முன்பே படித்திராத ஒருவரிடம் கொடுங்கள். 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்டால் சம்பவம் குறைகிறது, அதைச் சேருங்கள். 'அவனுக்குப் புரிந்ததா' என்று கேட்டால் கடைசிப் பத்தியைத் திரும்ப ஒட்டாதீர்கள். நாலு பக்கம் முன்னால் போய், அவன் பையில் எவ்வளவு காசு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களா எனப் பாருங்கள்.